பரிவர்த்தனையின் நடுவே சும்மா

ஜூன் இருபத்து மூன்று, இரவு பத்தரை.
விர்த்சு துறையில் இன்னும் இருட்டவில்லை,
சரியாக இருட்டப்போவதும் இல்லை.
தீவுக்குப் போகும் கார்கள்
பெட்ரோல் பங்க் தாண்டி, சாலை வளைவு தாண்டி
பைன் மரங்களுக்குள் வால் நீட்டி நிற்கின்றன.
டிக்கிக்கு ஒரு வாளி ஊறவைத்த இறைச்சி,
ஒரு கட்டு பிர்ச் இலை,
நெருப்பு மூட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டுமே என்ற பதைப்பு.

நான் தாலினில், சமையலறை மேசையில்,
ஒரு காலில் மட்டும் காலுறையோடு.
துறைமுகச் சீட்டறையிலிருந்து ஊர்வே:
"உன் திரை சுற்றிக்கொண்டே இருக்கிறது, தைவோ.
கப்பல் பாதி காலி. வாய் திறந்து கிடக்கிறது.
ஒரு வண்டியைக்கூட ஏற்ற முடியவில்லை."

எங்களிடம் இருப்பவை இருபது இணைப்புகள்.
கேட்கும் கைக்கு ஒன்று தருவோம்;
ஒரு கேள்வி, ஒரு பதில்,
திரும்ப வாங்கி அடுத்த கைக்கு.
ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்றைத் திறந்தால்
கைகுலுக்க வேண்டும், கடவுச்சொல் சொல்ல வேண்டும்,
அந்தப் பக்கம் ஒருவன் எழுந்து இடம் ஒதுக்க வேண்டும்.
அதனால்தான் இந்தக் கையிருப்பு.
பதினெட்டு மில்லி விநாடியில் திரும்பிவிடும் பொருளை
யார் உட்கார்ந்து எண்ணுவார்கள்?

இன்று எண்ணினேன்.
இருபதும் வெளியே.

வழக்கம்போல் முதலில் முட்டாள்தனம்.
இருபதை இருநூறாக்கினேன்,
யார் வீட்டுப் பணமோ என்பதுபோல.
இருநூறு பேரும் உள்ளே போய்
ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள்.
பிறகு எல்லாவற்றையும் அணைத்து எழுப்பினேன்.
ஆறு நிமிடம் ஓடியது.
ஊர்வே நாற்பத்தோரு கார்களை ஏற்றிவிட்டாள்.
ஏழாம் நிமிடம்
அவள் மூச்சு விட்ட விதத்திலேயே தெரிந்தது.

டேட்டாபேஸிடமே கேட்டேன்: யார் யார் உள்ளே,
என்ன செய்கிறீர்கள்?
பொய் சொல்லத் தெரியாத பிராணி அது.
வரிசையாகக் காட்டியது:
பரிவர்த்தனையின் நடுவே சும்மா.
பரிவர்த்தனையின் நடுவே சும்மா.
ஐந்து நிமிடமாய். நான்கு நிமிடம் ஐம்பது நொடியாய்.
பரிவர்த்தனையின் நடுவே சும்மா.

சும்மா இருப்பது குற்றமில்லை.
கையில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்பது,
அந்தக் கப்பலின் இடக்கணக்கைப் பூட்டிவைத்து
கமிட்டும் இல்லாமல் ரோல்பேக்கும் இல்லாமல்
எங்கோ பார்த்துக்கொண்டிருப்பது
வேறு.

தேடிப் போனால், பெரிய குடும்பங்களுக்கான சலுகை.
மூன்று பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்
அரசுப் பதிவேட்டிடம் கேட்டுச் சரிபார்க்கும் சிறிய நிரல்.
இன்று பதிவேடும் விடுமுறை மனநிலையில் இருந்தது.
பதில் வராத இடத்தில் பிழை வெடித்து,
மிச்ச வரிகளைத் தாண்டிக் குதித்து ஓடிவிட்டது.
கடைசி வரியில் அமர்வை மூடச் சொல்லியிருந்தது,
தெளிவாக, எழுத்துப் பிழையில்லாமல்.
அதுவரை யாரும் வந்து சேரவில்லை.

எழுதியவர் பெயரைப் பார்த்தேன்.
இரண்டு வருடம் முன்பு, பிப்ரவரி, வெள்ளி,
மாலை நாலு ஐம்பது.
குறிப்பு: "தற்காலிகம்."
பெயர்: நான்.

அந்த மூடும் வரியை வெட்டி
'எது நடந்தாலும்' என்ற பகுதிக்குக் கீழே ஒட்டினேன்.
இருநூறை மறுபடி இருபதாக்கினேன்.
அவ்வளவுதான் வேலை, இரண்டு வரி.
கை மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"நகருது" என்றாள் ஊர்வே.
ஆறு பிள்ளைகளோடு ஒரு வேன் மட்டும்
முழுக் கட்டணம் கட்டிப் போனதாம்;
பதிவேடு இன்னும் எழவில்லை.
வண்டி எண்ணைக் கையில் எழுதிவைத்திருக்கிறாள்,
பணத்தை நாளை திருப்ப வேண்டும்.

அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை.
சாய்தளத்து இரும்பில் டயர்கள் ஏறும் சத்தம்,
கடற்காக்கைகள், யாரோ ஒரு குழந்தை
மூத்திரம் வருகிறது என்று அழுவது,
எல்லாம் என் சமையலறைக்குள்.
நாலு நிமிடம் இருக்கும்.

"இன்னும் லைனிலா இருக்கிறாய்?"
"சும்மாதான்."
"அப்போ வை, தைவோ.
இந்தப் போனுக்கு வேறு ஆட்கள் காத்திருக்கிறார்கள்."