நள்ளி வந்துகொண்டிருக்கிறது

சயான் ஆஸ்பத்திரியில் நடுநிசி தாண்டிப் பிறந்தேன்.
அம்மா சுடலை என்றாள், குலசாமிக் கடன்.
தாராவி மாநகராட்சிப் பள்ளியில்
எட்டாவதோடு நின்ற என் அப்பா தளவாய்
ஏழு வள்ளல்களையும் விரல்விட்டு எண்ணினார்.
முல்லைக்குத் தேர் கொடுத்தவன்:
தேருக்கு எங்கே போவது?
மயிலுக்குப் போர்வை கொடுத்தவன்:
இருக்கிற ஒன்றில் நாலு பேர் படுக்கிறோம்.
காரியும் ஓரியும்
எதிர்வீட்டு இரட்டையருக்குப் போய்விட்டார்கள்,
பெயருக்கேற்ப அடித்துக்கொண்டும் இருந்தார்கள்.
மிச்சத்தில் ஒருவன்
காட்டில் பசித்துக் கிடந்தவர்களுக்குக்
கறி சுட்டுக் கொடுத்தவன்.
யாரப்பா நீ என்றதற்கு
வாய் திறக்காமல் போனவன்.
அவன் சொல்லாத பெயரை
எனக்கு வைத்தார் அப்பா.

நள் என்றால் நெருங்கு என்பார்.
நட்பு அதில் பிறந்ததாம், நள்ளிரவும் அதிலேயாம்.
அளவாய்க் குடித்த நாட்களில்தான் இந்த இலக்கணம்.
கூடினால் வேறு இலக்கணம்.

பிறப்புப் பதிவு குமாஸ்தா மராத்திக்காரர்.
அவர் நாக்கில் ள இருந்தது, பிழைத்தோம் என்று நினைத்தார்கள்.
நளி என்று எழுதிவைத்தார்.
நளி என்றால் அவர்களுக்குக் குழாய்.
திருத்தக் கேட்டு நின்ற அப்பாவிடம்,
தண்ணீர் வருகிற பெயர்,
தாராவியில் இதைவிட என்ன வேண்டும் என்றாராம்.

இந்திக்கு ள கிடையாது.
பள்ளிக்கூடத்தில் நல்லி ஆனேன்.
நல்லி, ஆட்டின் காலெலும்பு, உள்ளே மஜ்ஜை.
வருகைப் பதிவில் என் முறை வரும்போது
கடைசி பெஞ்சிலிருந்து
உறிஞ்சுகிற சத்தம்.

இன்னொரு நள்ளியைத் தேடியிருக்கிறேன்.
வாக்காளர் பட்டியலில்,
மாதுங்காவின் கல்யாணப் பத்திரிகைகளில்,
கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளில்கூட.
எங்கள் வார்டில் மட்டும் பதினாறு பாரி.
பட்டுக்கடை ஒன்று கிடைத்தது,
அது வேறு ல.

இப்போது சோறு கொண்டுபோகிற வேலை.
பெயரைச் சொல்லாமல் போக முடியாது,
செயலி முந்திக்கொள்ளும்.
போன வாரம் காட்கோபரில் ஒரு ஜைன வீடு.
வெங்காயம் பூண்டு இல்லாத பன்னீர்.
லிப்ட் வேலை செய்யவில்லை.
நான் நாலாம் மாடியில் மூச்சு வாங்கும்போது
அந்த அம்மாவின் திரையில்
நள்ளி வந்துகொண்டிருக்கிறது.
போனில் அழுதேவிட்டார்.
மாமியாருக்கு உபவாசம்,
ஏழாம் மாடிக்கு எலும்பு படியேறி வருகிறதே!
மேடம், அது நான் என்றேன்.
கொஞ்ச நேரம் சீலிங் பேன் சத்தம் மட்டும்.
பிறகு, அர்த்தம் என்ன என்றார்.
மான்கறி சுட்டவனைச் சொல்லவில்லை.
சிநேகிதன் என்றேன்.
கதவைப் பாதி திறந்து பையை வாங்கிக்கொண்டு
தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார்,
அப்படியும் எங்கேயாவது
ஒளித்து வைத்திருப்பேனோ என்று.

ரம்ஜான் மாதம் முகமது அலி ரோட்டில் நிற்பேன்,
ஆர்டர் அங்கேதான் குவியும்.
கரிப்புகை, வியர்வை, சாக்கடை ஓரம் சாய்த்த நூறு பைக்.
ஒரு பிளேட் நல்லி!
இரண்டு நல்லி, பார்சல்!
நல்லி எங்கேடா, எவ்வளவு நேரம்?
ஒவ்வொன்றுக்கும் என் கழுத்து திரும்பும்.
வேண்டாம் என்று சொன்னாலும் திரும்பும்.
முப்பத்தோரு வருஷமாய்
ஒருவனிடமும் தென்படாத பெயர்
ஒரே தெருவில், ஒரே ராத்திரியில்
ஆயிரம் வாயில்.

அங்கிருந்தே அப்பாவுக்குப் போன் போட்டு
சத்தத்தின் பக்கம் நீட்டிப் பிடித்தேன்.
ரொம்ப நேரம் கேட்டார்.
கறியோடதானலே கூப்பிடுதானுவோ, என்றார்.
இருமினார்.
சரி, நீ தின்னியால?