திங்கட்கிழமை

ஒட்டன்சத்திரத்தில் வண்டியை நிறுத்திச்
செருப்பைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.
இந்தச் சாலை எனக்குத் தெரியும்.
என் பாதங்களுக்குத் தெரியாது.

எந்தச் சந்தில் எந்த நாய் துரத்தும்,
எந்த வீட்டில் பத்து மணிக்குமேல் ஆளிருக்காது,
எந்தக் கதவு பூட்டியிருந்தாலும் உள்ளே மிக்சி ஓடும்
என்பது வரைக்கும் தெரியும்.
மகளிர் குழுக்களில் வாரத் தவணை வசூலிப்பவன் நான்.
விருப்பாச்சியில் எனக்குப் பெயரே
திங்கட்கிழமை.

பூசத்துக்கு முந்தின ராத்திரி.
பச்சை வேட்டிக்குள் என்னை யாருக்கும் அடையாளமில்லை.
"சாமி, ஓரமாப் போங்க, லாரி வருது."
"சாமி, சுக்குத்தண்ணி குடிங்க."
ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக
இந்தச் சாலையில் ஒருத்தரும் என்னை
சார் என்று கூப்பிடவில்லை.

சத்திரப்பட்டி தாண்டியதும் குதிகாலில் கொப்புளம் உடைந்தது.
பந்தலின் டியூப்லைட் அடியில் உட்கார்ந்து
காலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
வேப்பெண்ணெய்க் கிண்ணத்தோடு ஒரு கை நீண்டது.

அந்தக் கையைத் தெரியும்.
மூன்று வாரமாக
அட்டையில் கையெழுத்துப் போடாத கை.

மாராத்தாள்.
கறவை மாட்டுக்கு நாற்பதாயிரம்.
மார்கழியில் மாடு செத்தது.
காதுவில்லையில் ஒரு எண்ணும்
காப்பீட்டுத் தாளில் வேறொரு எண்ணும் இருந்ததால்
செத்தது அந்த மாடு இல்லை என்று எழுதிவிட்டார்கள்.
அந்தத் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்.

அவள் என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.
நடுவே ஒரு காவடிக் கூட்டம் அரோகரா போட்டுக் கடந்தது.
"எண்ணெ ஊறட்டும், ஒடனே ஊனாதீங்க," என்றாள்.
சாமி என்றும் சொல்லவில்லை
சார் என்றும் சொல்லவில்லை.

என்ன வேண்டுதல் என்று கேட்க நினைத்தேன்.
என் வாயில் எந்தக் கேள்வியும்
பாக்கி எவ்வளவு என்றுதான் கேட்கும்.
பக்கத்திலிருந்தவளிடம் அவளே சொன்னாள்:
பையனுக்கு டெங்கு, பதினோரு நாள்,
பொழைச்சா மொட்டை போடுறேன்னு சொல்லிட்டேன்.
கையில காசில்லாம இப்ப எதுக்குடி என்றாள் அவள்.
"ஊடு தேடி வந்து கேக்காதவன் கடனைத்தான்
மொதல்ல கட்டோணும்."

நான் எண்ணெயைத் தேய்த்தேன். வெகுநேரம் தேய்த்தேன்.

ஆயக்குடிக்கு வரும்போது விடியவில்லை.
கொய்யாப் பெட்டிகள் இறங்கிக்கொண்டிருந்தன.
ஏலக்காரன் குரலுக்கு அந்தப் பக்கம்
இருட்டில் தொங்கவிட்டது மாதிரி
விளக்கு வரிசையாக மலை.

எனக்கும் ஒரு வேண்டுதல் இருந்தது.
ஏதாவது ஒரு வேலை கொடு என்று கேட்டிருந்தேன்.
கொடுத்துவிட்டான்.
ஏதாவது என்று
சொல்லியிருக்கக் கூடாது.

அடிவாரத்தில் மொட்டைக்கு வரிசை.
எனக்கு நாலு பேருக்கு முன்னால்
அவள் குனிந்தாள். கூடையில் விழுந்தது
இடுப்பு வரைக்குமான முடி.
எழுந்து, இல்லாத கொண்டையை
ஒரு தடவை அள்ளி முடியப் போய்ச் சிரித்தாள்.
அப்புறம் கூட்டத்தில் மொட்டைகளுக்குள் மொட்டையாகிவிட்டாள்.

ஆண்டியைப் பார்க்கத்தான் படியேறினேன்,
ஒரு கோவணமும் தண்டுமாக
கட்டவும் வாங்கவும் ஏதுமில்லாதவனை.
யானைப்பாதை வரைக்கும் நீண்ட வரிசை
ஊர்ந்து ஊர்ந்து உள்ளே போனபோது சாயங்காலம்.
கிரீடம், பட்டு, பதக்கம்.
ராஜாவாகிவிட்டிருந்தான்.
எதையும் கேட்கத் தோன்றவில்லை.
பின்னாலிருந்தவர் தள்ள, வெளியே வந்தேன்.

திங்கட்கிழமை. விருப்பாச்சி.
கதவில் பூட்டு.
தொழுவத்து ஆணியில் கயிறு சுருண்டிருந்தது.
ஜன்னல் கம்பிக்குப் பின்னால் ஒரு நொடி
சந்தனம் காய்ந்த தலையொன்று தாழ்ந்து மறைந்தது.
ஹெல்மெட்டுக்குள் அதே சந்தனம்
எனக்கும் அரித்துக்கொண்டிருந்தது.

செயலியில் மூன்று கட்டம்:
செலுத்தினார். மறுத்தார். ஆளில்லை.
மூன்றாவதை அழுத்தினேன்.
ஆதாரத்துக்குப் படம் எடுக்கவும் என்றது.
கொப்புளக் காலைத் தூக்கி வைத்து
இரண்டு அடி இடப்பக்கம் நகர்ந்து
பூட்டை மட்டும் எடுத்தேன்,
ஜன்னல் விழாமல்.