பதினெட்டாவது கோடு

காலை ஆறே முக்காலுக்கு
கோட்டையூர் ரயில்வே கேட்டைத் தாண்டி
சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறேன்.
ஏறி மிதிப்பதில்லை இப்போது.
வலது கால் பெடலில் இருக்கிறதா என்று
குனிந்து பார்த்தால்தான் தெரிகிறது.

வெள்ளைச்சாமி கதவைத் திறந்து வைத்திருப்பான்.
பதினான்கு வருஷம்
காரைக்குடி குன்றக்குடி திருப்பத்தூர் வண்டியை
அவன் ஓட்டினான், நான் விசில் ஊதினேன்.
இன்று அவன் கண்ணுக்கு நடுவில் ஒரு புகை.
ஓரத்தில் ஆள் தெரியும், முகம் தெரியாது.
சர்க்கரைதான் என்றார் மதுரை டாக்டர்,
தெரிந்த ஒருத்தன் பேரைச் சொல்வதுபோல.

மருந்துக் குப்பியை உருட்டுவது அவன் வேலை.
குலுக்கக் கூடாது.
ஸ்டியரிங் பிடித்த கை, பதமாக உருட்டும்.
ஊசியில் ஏறுவதை நான் பார்க்கிறேன்.
பத்து. பன்னிரண்டு. வா வா வா.
பதினாறு.
ஹோல்டான்.
ஒரு காற்றுக் குமிழி,
டிக்கெட் எடுக்காமல் ஏறியவன் மாதிரி.
சுண்டி இறக்கிவிட்டு
பதினெட்டாவது கோட்டில் சொல்கிறேன்: ரைட்.
வயிற்றில் அவனே குத்திக்கொள்வான்.
"அதுக்கு எதுக்குடா கண்ணு?"

பிறகு என் முறை.
நாற்காலியில் நான், தரையில் அவன்.
உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள் என்றாள்
நர்ஸ் ஆரோக்கியசெல்வி.
பார்த்தேன்.
கண்ணாடிக்குச் சூடு தெரியாது.
இவன் விரல்
பெருவிரல் இடுக்கில் புறப்பட்டு
ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நின்று
குதிகாலுக்கு வந்து சேரும்.

போன ஆவணியில் ஒருநாள்
நடுவழியில் நின்றுவிட்டான்.
"இங்க சுடுதுடா."
வலியில்லை, சிவப்பில்லை, போடா என்றேன்.
என் செருப்பை ஒளித்து வைத்துவிட்டு
ஆட்டோவுக்குப் போன் போட்டான்.
உள்ளே ஒடிந்த கருவேல முள்.
இன்னும் நாலு நாள் போயிருந்தால் என்று
ஆரோக்கியசெல்வி தொடங்கினாள்.
முடிக்கவில்லை.

இவனும் யோக்கியனில்லை.
பள்ளத்தூர்க் கல்யாணத்தில்
கவுனி அரிசி ரெண்டு கரண்டி,
அதற்குமேல் ஒரு கரண்டி.
மறுநாள் முந்நூற்றுப் பன்னிரண்டு.
நூத்தி எண்பதுன்னு எழுதிரு என்றான்.
எழுதலாம்.
மூன்று மாசத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறதே,
அது செக்கிங் இன்ஸ்பெக்டர்.
பையைப் பார்க்காமலே தொகையைச் சொல்லிவிடும்.
முந்நூற்றுப் பன்னிரண்டு என்றே எழுதினேன்.
ரெண்டு நாள் பேசவில்லை.
ஊசி நேரத்துக்கு மட்டும் இருமுவான்.

கோயம்புத்தூரிலிருந்து அவன் மகள் கேட்கிறாள்,
ஆள் ஒன்று வைக்கட்டுமாப்பா?
"வண்டிக்கு ரெண்டு பேர் போதும்மா."

மேசையில் இட்லி மூடியிருக்கிறது.
ஊசி போட்டு அரைமணி ஆக வேண்டும்.
கடிகாரம் என் பொறுப்பு.
எவ்வளவுடா ஆச்சு?
பன்னிரண்டு நிமிஷம்.
அவ்வளவுதானா?
கேட் போட்டிருக்குன்னு நினைச்சுக்க.
ராமேஸ்வரம் வண்டி போகட்டும்.