இறக்கம்

சிரித்தால் வலிக்கிறது.
இருமினால் கிளாஸ்கோ நகரமே
அடிவயிற்றைப் பிடித்து இழுக்கிறது.
தும்மலுக்கென்று ஒரு தலையணை கொடுத்திருக்கிறார்கள்.
அதை அணைத்தபடி
வாடகை அறையின் சன்னலில் நிற்கிறேன்,
ஐம்பத்தெட்டு வயதில் கைக்குழந்தைக்காரனாய்.

இருபத்தாறு வருடம் நண்டுக் கூண்டு இழுத்தேன்.
இழுத்த கயிறெல்லாம் சேர்ந்து ஒருநாள்
உள்ளிருந்து திருப்பி இழுத்தது.
கோழிமுட்டை அளவு என்றாள் மர்சலி.
புறாமுட்டை என்றேன் நான்.
முட்டையிலேயே ஆறு மாதம் ஓடிப்போனது.

டாக்டர் மெக்கர்டி மூன்று துளை போட்டார்.
உள்ளே வலை வைத்திருக்கிறாராம்.
வலை!
என்னிடமே.

எப்போது பறக்கலாம் என்று கேட்டேன்.
“வயிற்றுக்குள் ஊதிய வாயு
இன்னும் கொஞ்சம் தங்கியிருக்கும்.
மேலே போகப் போக அது விரியும்.
வியாழன் வரட்டும், பார்த்துவிட்டுக் கடிதம் தருகிறேன்.”
கப்பலில் போனால்?
“கடல் குலுக்காது என்று
நீங்கள் கையெழுத்துப் போடுவீர்களா?”
போடமாட்டேன்.
அந்தக் கடலை எனக்குத் தெரியும்.

எங்கள் பார்ராவில் ஓடுதளம் கிடையாது.
கடல் விலகினால் மணல்,
மணல் தெரிந்தால் விமானம்.
கால அட்டவணையில் பாதி நிலா எழுதுவது.
காற்றுப்பை ஏறிவிட்டால்
சிப்பி பொறுக்குகிறவர்கள்
வாளியோடு ஓரம் ஒதுங்குவார்கள்.

மர்சலி தினமும் போனில் வற்றம் சொல்கிறாள்:
“வியாழன் பதினொன்றரை.
வெள்ளி பன்னிரண்டு இருபது.”
வலி எப்படி என்று கேட்பதில்லை.
“காற்றுப் பிரிந்ததா?” என்பாள்.
பிரிந்தது. நேற்று ராத்திரி.
பக்கத்து அறைக்காரர் சாட்சி.

வியாழனன்று டாக்டர் சம்மதித்தார்.
கடலும் சம்மதித்தது.
பனிமூட்டம் மாட்டேன் என்றது.
விமான நிலையத்தில் நான்கு மணி நேரம்
பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து
கடிதத்தை எட்டாக மடித்தேன், பிரித்தேன்.
கல்லூரிப் பையன் ஒருவன்
கேட்காமலே என் பெட்டியைத் தூக்கி வைத்தான்.
நன்றி சொல்ல
கொஞ்சம் கசப்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமை சின்ன விமானம்.
இடுப்புப் பட்டைக்கும் எனக்கும் நடுவில் தலையணை.
கீழே தீவுகள்
யாரோ கைதவறிப் போட்டுவிட்டுப்
பொறுக்க மறந்தவை.
இதற்கும் இறக்கம் என்றுதான் பெயர்:
குடல் இறங்கியது,
கடல் இறங்கியது,
இப்போது நான்.
சக்கரம் ஈரமணலைத் தொட்டதும்
மூச்சைப் பிடித்து
மூன்று துளைகளையும் எண்ணிப் பார்த்தேன்.
இருந்தன.

மர்சலி சிப்பி நொறுங்க நடந்து வந்தாள்.
“கட்டிப்பிடிக்கலாமா?”
கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றுமில்லை என்றேன்.

ஆறு வாரம் கனமாக எதையும் தூக்கக்கூடாது.
கூண்டுகள் இத்தனை நாளும்
கடலடியில் இரை ஊறிக் கிடக்குமே என்று
படியிறங்கும்போது கவலைப்பட்டேன்.
பெட்டியை அவள் வாங்கிக்கொண்டாள்,
கைப்பிடியை விரல்நுனியால் மட்டும் பிடித்து.
உள்ளங்கை நெடுக
கயிறு ஓடிய கொப்புளம்.