அட்டவணையில் இல்லாத கால்

பாறை இடுக்கில் பாதம்,
அலையில் உடம்பு.
இரண்டும் இரண்டு பக்கம் திரும்பியபோது
தண்ணீருக்குள் பொட்டென்று ஒரு சத்தம்.
வள்ளத்தில் பலகை விட்டுப்போச்சு என்று
தலையைத் தூக்கிப் பார்த்தேன்.
பலகை சரியாகத்தான் இருந்தது.

எட்டு மாசம் எண்ணெய் தேய்த்தோம்.
நேராக நடந்தால் ஒன்றுமில்லை.
திரும்பினால்தான்
முட்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

பாம்பனில் பஸ் ஏறி ராமநாதபுரம்.
டாக்டர் ஃபௌசியா
பிளாஸ்டிக் முட்டி ஒன்றை மேசையில் வைத்தார்.
நடுவில் சிவப்பு நாடா.
"அறுந்தது இது."

தைத்துவிடலாமே என்றேன்.
வலை கிழிந்தால் தைக்கிற ஊர்க்காரி நான்.
"எலும்போரம் அறுந்து, அன்றைக்கே வந்திருந்தால்
யோசிக்கலாம். உனக்கு நடுவில் அறுந்திருக்கு.
முட்டிக்குள் ஊறுகிற நீர்
காயத்தைக் கூடவே விடாது.
புதுசுதான் போடணும்.
உன்னிடமிருந்தே எடுத்து."

தொடைப் பின்புறம் இரண்டு நார் எடுத்து
நாலாக மடித்து
எலும்புக்கு அப்பால் ஒரு பொத்தானில் தொங்கவிடலாமாம்.
என் ரவிக்கைப் பொத்தான் அளவுகூட இல்லை அது.
இல்லாவிட்டால்
முட்டிச்சில்லுக்குக் கீழே நடுப்பட்டை,
இரு முனையிலும் எலும்புத்துண்டோடு.
எலும்போடு எலும்பு சீக்கிரம் ஒட்டும்,
திருகாணி இறுக்கிப் பிடிக்கும்,
மண்டியிட்டால் வலிக்கும்.
எத்தனை நாள்?
"சிலருக்கு வருஷக்கணக்கில்."
அப்போ முதலாவது?
"மடக்குகிற பலம் குறையும். கொஞ்சம்தான்."

தொடை முன்பக்கம் எடுப்பதும் உண்டாம்,
அதற்கு மதுரை போகணுமாம்.
மதுரையை நான் காதில் வாங்கவில்லை.

கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்டேன்.
கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார்.
கட்டம் கட்டமாக எண்கள்.
பந்து விளையாடுகிறவர்கள்,
பட்டாளத்துக்காரர்கள்,
பனியில் சறுக்குகிறவர்களாம், அவர்கள்கூட.
திரும்ப ஓடினார்களா, குதித்தார்களா,
நூற்றுக்கு எத்தனை பேருக்கு மறுபடி அறுந்தது.

"பாசி எடுக்கிறவள் எந்த வரிசையில், டாக்டர்?"

மேலிருந்து கீழே தேடினார்.
நிஜமாகவே தேடினார்.
பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு
"கீழே இறங்கிச் செய்து காட்டு" என்றார்.

எடை மெஷினுக்கும் மேசைக்கும் நடுவே
நான் மூழ்கினேன்.
மூச்சைப் பிடித்து, ஒரு கையால் பாறை,
மறு கையால் கஞ்சிப்பாசி,
காலை உதைத்து மேலே.
நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.
"ஒரு நாளைக்கு எத்தனை முழுக்கு?"
எண்ணினதே இல்லை. இருநூறு இருக்கும்.
"எத்தனை தடவை மண்டி?"
வள்ளத்தில் குப்பை பிரிக்கிற நேரம் முழுக்க.
ஞாயிற்றுக்கிழமையைச் சேர்க்கவில்லை,
மாதாவுக்கு நான் உட்கார்ந்தாலும் சம்மதம்.

மருந்துச் சீட்டின் பின்னால் கோடு போட்டார்.
ஒரு பக்கம் உதை, ஒரு பக்கம் மண்டி.
ஒரே ஒருத்தி உள்ள அட்டவணை.

குருசடைப் பக்கம் நீரோட்டம் இழுத்தால்
பின்தொடைதான் கரை சேர்க்கும்.
அதைத் தொட வேண்டாம் என்றேன்.
மண்டிக்குக் கீழே சாக்கு போட்டுக்கொள்ளலாம்.
கடலுக்குக் கீழே எதைப் போடுவது?

கையெழுத்துப் போடும்போது இன்னொன்று சொன்னார்:
வைத்த நார் முதலில் செத்துப்போகும்.
அப்புறம்தான் ரத்தம் வழி தேடி வரும்.
இரண்டாம் மாசம், மூன்றாம் மாசம்
அது ரொம்ப நொய்ந்து கிடக்கும்.
"உனக்கு எல்லாம் சரியாச்சு என்று
தோணுவதும் அப்போதுதான்."

இது பத்தாவது வாரம்.
தோணுகிறது.

செலின் கூப்பிடுகிறாள்:
"தண்ணி கண்ணாடியா கிடக்குடி. வாரியா?"
போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு
சாக்கை நாலாக மடித்துப் போட்டு
மெல்ல மண்டியிட்டுப் பார்த்தேன்.
வலித்தது,
சொன்ன இடத்தில், சொன்ன மாதிரியே.

"லைன்ல இருக்கியா?" என்றாள்.
இருக்கேன் என்றேன்.