பொறுமை என்று ஒரு கோட்டை

கானாவின் கரையில், அபாம் ஊர்க் குன்றின்மேல்
டச்சுக்காரர் கட்டியதற்கு
டச்சுக்காரரே இட்ட பெயர்: பொறுமை.

கோட்டை என்பது கொஞ்சம் மிகை.
கல்லில் எழும்பிய இரண்டு மாடி வீடு.
மூலையில் துருத்தும் கொத்தளம்,
முழங்கை மடக்கி வழி மறிப்பவன் போல.
பீரங்கி வாய்கள் கடலுக்கு,
வேறு கொடி ஏற்றி வரும் கப்பல்களுக்கு.
ஒன்று மட்டும் ஊரைப் பார்த்து.

கட்டி முடிக்க ஐந்து ஆண்டு.
"பகலில் சுமந்துபோன கல்
இரவில் எங்கள் அடுப்படிக்கே திரும்பி வந்தது"
என்கிறாள் அராபா,
முன்னூறு ஆண்டுக்கு முந்திய பாரத்தை
நேற்றுத்தான் இறக்கிவைத்தவள் போல.
"சுண்ணாம்புக்குச் சிப்பி கேட்டார்கள்.
கூடை கூடையாய்க் கொடுத்தோம், சதையோடு.
குன்றே நாறியது.
தண்ணீர் கேட்டார்கள்.
கிணறு தெரியும், வழிதான் மறந்துவிட்டது என்றோம்."
இதெல்லாம் ஏட்டில் இல்லை.
அவள் சிரிப்பதால்
நம்பவும் முடியவில்லை, நம்பாமலும்.

களைத்துப்போன எவனோ ஒருவன்
தன் எரிச்சலுக்குத் தானே சூட்டிக்கொண்ட பட்டம்
பொறுமை.

பொறுத்தார் பூமி ஆள்வார்.
பள்ளிக்கூடச் சுவரில் படித்தேன்.
எவருடைய பூமியை என்று
அன்று கேட்கத் தோன்றவில்லை.

காவலர் க்வெகிர் சாவிக் கொத்தில் துழாவுகிறார்.
கீழறைக் கதவு
குனிந்தவருக்கே திறக்கும்.
உள்ளே ஜன்னல் இல்லை. விரல் நுழையும் ஒரு துளை.
அதன் வழி வந்த வெயில்
காசளவு தரையில் கிடந்தது.
இங்கே அடைபட்டுக் கிடந்து
கப்பலேறியவர்களின் பெயர்
எந்தக் கல்லிலும் இல்லை.
எத்தனை பேர் என்று கேட்டேன்.
க்வெகிர் சுவரோரமாய்
அடிமேல் அடி வைத்து அளந்தார்.
பதினொன்றில் நிறுத்திவிட்டு
நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வெளியே வந்தால் புகை.
வட்ட வட்டமாய் மண்ணடுப்புகள்,
கம்பித் தட்டுகளில் மத்தி.
"இவ்வளவுதானா பாடு?"
"இரவெல்லாம் விளக்குப் போட்டு அள்ளுகின்றன
அந்தப் பெரிய கப்பல்கள்" என்றாள் அராபா.
தொடுவானில் ஏதும் தெரியவில்லை.

மணலில் அவள் மகனின் படகு.
விலாவில் இன்னும் காயாத சிவப்புப் பெயின்ட்:
அபோதார்.
என்ன அர்த்தம்?
அவள் ஒரு மீனைப் புரட்டினாள்.
ஒரு பக்கம் பொன். மறுபக்கம் இன்னும் வெள்ளி.

"பொறு" என்றாள்.

அர்த்தம் சொன்னாளோ,
மீன் வேகட்டும் என்றாளோ.