நாளொன்றுக்குப் பன்னிரண்டு பாலம்

பாகாயத்தில் ஏறி
காட்பாடியில் இறங்குகிறவர்களுக்கு
நான் ஒரு கை, ஒரு பை, ஒரு விசில்.
என் முகம் எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது.
கீழுதட்டுக்குள் இருந்ததும் தெரியாது.

இருபத்திரண்டு வருஷம்.
பொட்டலத்தை நகத்தால் கிள்ளி
உள்ளங்கையில் தட்டி
உதட்டைச் சுருக்குப்பை மாதிரி இழுத்து
உள்ளே வைத்து மூடிவிட்டால்
யாரிடமும் எனக்குக் கோபமில்லை,
ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டுகிறவனிடம்கூட.

பாலாற்றுப் பாலத்தில்தான் வைப்பேன்.
அங்கே ஏறுகிறவன் இல்லை, இறங்குகிறவன் இல்லை.
ஒன்றரை நிமிஷம் என் சொந்த நிலம்.
ஜன்னலுக்கு வெளியே துப்பினால்
கீழே மணல்,
கேட்க ஆளில்லை.

பள்ளி விளையாட்டு விழாவுக்கு
மகள் செலின் விசிலைக் கேட்டாள்.
சாயங்காலம் மேசைமேல் வைத்தாள்.
ஊதினாயா என்றேன்.
"வாயில வைக்க முடியலப்பா."
அவ்வளவுதான். டியூஷனுக்குப் போய்விட்டாள்.

சோப்புப் போட்டேன். வெந்நீரில் போட்டேன்.
பழைய பிரஷ்ஷை விட்டு
உள்ளே இருக்கும் சின்ன உருண்டையை
உருட்டி உருட்டிக் கழுவினேன்.
நாற்றம் விசிலில் இல்லை என்று தெரிய
ராத்திரி பதினொன்றாகிவிட்டது.

அன்றைக்கே விட்டேன் என்று எழுத ஆசை.
பத்தொன்பதாம் நாள்
லத்தேரியில் மச்சான் சாவு.
பறை சூடாகிக்கொண்டிருந்தபோது யாரோ நீட்டினார்கள்.
யாரென்று நான் பார்ப்பதற்குள்
கை பார்த்துவிட்டது.
கைக்குத் தனியாகக் கண் இருக்கிறது.

நாள்காட்டியில் தினமும் வட்டம் போட்டு வைத்திருந்தேன்.
வீடு திரும்பிப் பார்த்தால்
பத்தொன்பது பூஜ்யம்.

அதற்குப் பிறகு நாளை எண்ணவில்லை.
நாள் பெரிசு, எனக்கு அடங்காது.
போக ஆறு நடை, வர ஆறு நடை,
ஷிப்டுக்குப் பன்னிரண்டு பாலம்.
இந்தப் பாலம் மட்டும், என்பேன்.
அடுத்ததற்குச் சத்தியம் செய்யமாட்டேன்.

சில பாலத்தில் ஏலக்காய்.
சில பாலத்தில் பொட்டுக்கடலை.
ஒன்றில் நாக்கைக் கடித்து ரத்தம்.
ஒன்றில், சில்லறைக்காக
மருந்துச்சீட்டோடு நின்ற அம்மாளிடம் கத்திவிட்டு,
ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது
அவள் கையில் பத்து ரூபாயைத் திணித்தேன்.
அவள் வாங்கவில்லை.

டெப்போவில் சிரித்தார்கள்:
"தேவநேசன் சாமியாராயிட்டாரு,
வெள்ளிக்கிழமை வரைக்கும்."
வெள்ளிக்கிழமை போயிற்று.
அவர்களும் வேறு ஆளைப் பார்த்துச் சிரிக்கப் போனார்கள்.

டிரைவர் ஷம்ஷீர் எதுவும் சொன்னதில்லை.
பாலம் வந்தால் மட்டும்
ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் மிதிப்பான்.
ஒன்றரை நிமிஷத்தை
ஒன்றே காலாக்கிக் கொடுப்பான்.

எங்கள் ஊருக்கு ஒரு கேலி உண்டு:
தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை.
நானும் சொல்லிச் சிரித்தவன்தான்.
இப்போது படியோரம் நின்று
அந்த மணலைப் பார்க்கிறேன்.
தண்ணீர் போனாலும் தடம் போகவில்லை.
பலகையில் ஆறு என்றுதான் எழுதியிருக்கிறது.
ஒரு கார்த்திகையில், எங்கேயோ மேலே பெய்த மழைக்கு
இருகரையும் தொட்டு ஓடியது.
இனி வராது என்று உள்ளே வீடு போட்டவர்கள்
பள்ளிக்கூடத்தில் பாய் விரித்தார்கள்.

உதட்டுக்குள் அந்தக் குழி இன்னும் இருக்கிறது.
நாக்கு அடிக்கடி போய்ப் பார்த்துவிட்டு வரும்.
நான் அங்கே எதுவும் கட்டவில்லை.

நேற்றுக் கடைசி நடை.
விருதம்பட்டு தாண்டி வண்டி பாலம் ஏறுகிறது.
பொட்டலம் கிடந்த சட்டைப்பையில் விசில்.
காற்று வரட்டும் என்று யாரோ ஷட்டரைத் தூக்கினார்கள்.
ஷம்ஷீர் மிதிக்கவில்லை.
மற்ற சாலைகளில் போகிற மாதிரியே போனான்.
எப்போதிலிருந்து இப்படி என்று
நான் கவனிக்கவே இல்லை.